செங்கல், கயிறு, மடக்கு நாற்காலி... உடம்புக்கு ஏற்ற உபகரணம் செய்த பி.கே.எஸ். அய்யங்கார்!

பல்லடத்தில் இருக்கும் எங்கள் அமுச்சிக்கு 74 வயது. அமுச்சி என்றால் கொங்குப் பக்கம் அம்மாவின் அம்மா. போன தை மாதம் பாத்ரூம் நிலைப்படியில் கால் தடுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போச்சு. சுவரை ஒட்டியே நடக்கிறார். வாசப்படி இறங்க ரெண்டு நிமிஷம் யோசிக்கிறார். வாரச் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

பார்க்க வந்த பிசியோதெரபிஸ்ட், தினமும் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். அமுச்சி ஒப்புக்கொள்ளவே இல்லை. நாற்பது வருஷம் தறிக்குடோனில் ராத்திரி ஷிஃப்ட் நின்ற கால்கள் அவருடையவை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தன்னை நோயாளி ஆக்கிவிடும் என்பது அவர் வாதம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். கைத்தடி வாங்கிக் கொடுத்தால் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிடுவார். பிடிமானம் என்றாலே நமக்கெல்லாம் ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சத்தைப் போக்க ஒரு மனிதரின் கதை இருக்கு. உடம்பை வில்லாக வளைத்து உலகத்தையே வாய்பிளக்க வைத்தவர் அவர். அவரேதான் செங்கல், கயிறு, நாற்காலி, திண்டு என்று வீட்டுச் சாமான்களை உடற்பயிற்சிக் கருவிகளாக மாற்றிக் காட்டினார். பெயர் பெல்லூர் கிருஷ்ணமாச்சார் சுந்தரராஜ அய்யங்கார். பி.கே.எஸ். அய்யங்கார் என்றால் உலகம் முழுக்கத் தெரியும். அவர் மறைந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் உருவாக்கிய கருவிகள் இன்றைக்கும் ஊர் ஊராக யோகா வகுப்புகளில் இருக்கின்றன.

தலை பெருசு, கை கால் குச்சி

1918 டிசம்பர் 14. உலகமே இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் தவித்துக்கொண்டிருந்த நேரம். கர்நாடகத்தின் பெல்லூர் கிராமத்தில் அய்யங்கார் பிறந்தபோது அவர் அம்மாவுக்கும் அந்தக் காய்ச்சல் இருந்தது. மொத்தம் பதின்மூன்று பிள்ளைகளில் இவர் பதினொன்றாவது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பையனுக்கு ஒன்பது வயதாகும்போது அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்று போனால் இன்னொன்று வந்தது. மெலிந்த கை கால், உப்பிய வயிறு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. தன் சிறுவயது உருவத்தை அவரே பின்னாளில் இப்படித்தான் விவரித்திருக்கிறார். இந்தப் பையன் நிமிர்ந்து நின்றாலே போதும் என்பதுதான் வீட்டில் இருந்தவர்களின் எதிர்பார்ப்பு.

1934-ல் அக்கா வீட்டுக்கு, மைசூருக்குப் போனார். அக்கா கணவர் சாதாரண ஆள் இல்லை. மைசூர் மகாராஜாவின் ஆதரவில் அரண்மனையில் யோகசாலை நடத்திக்கொண்டிருந்த திருமலை கிருஷ்ணமாச்சார்யா. இன்றைக்கு உலகம் செய்கிற ஆசனப் பயிற்சிகளில் பெரும்பகுதிக்கு மூலவேர் அவர்தான். பின்னாளில் சென்னைக்குக் குடிவந்து, நூறு வயதைத் தொட்டு 1989-ல் இங்கேயே மறைந்தார்.

ஆனால், மச்சினன் என்பதற்காக அவர் சலுகை எதுவும் காட்டவில்லை. இந்த ஒல்லிப் பையனுக்கு யோகா வராது என்று ஒதுக்கியே வைத்திருந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள்தான் கிடைத்தன. ஒரு பெரிய நிகழ்ச்சி நெருங்கிய நேரத்தில், குருவின் முதன்மை மாணவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். வேறு வழியில்லாமல் மச்சினனைப் பிடித்து அவசர அவசரமாக ஆசனங்களைச் சொல்லிக்கொடுத்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

இறுக்கமாகத் தைத்த டவுசர்

திருப்பூர்க்காரர்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு தையல் கதை இதில் இருக்கு. ஒருநாள் விருந்தினர்கள் முன்னால் ஹனுமானாசனம் செய்து காட்டச் சொன்னார் குரு. இரண்டு கால்களையும் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் விரித்துத் தரையில் உட்கார வேண்டும். பையனுக்கு அது பழக்கமே இல்லை. தப்பிக்க ஒரு வழி தேடினார். தையல்காரர் டவுசரைத் தொடைப் பக்கம் இறுக்கமாகத் தைத்துவிட்டார், காலை விரிக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தார். குரு அசரவில்லை. கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி, டவுசரை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, இப்போது செய் என்றார்.

செய்தார். தொடைக்குப் பின்னால் இருக்கும் தசைநார் கிழிந்தது. அதன்பிறகு நீண்ட நாள் அவரால் சரியாக நடக்க முடியவில்லை.

டவுசரை வெட்டிவிட்டார்கள், தசையை என்ன செய்வது? உடம்பு தயாராகாமல் ஒரு நிலைக்குள் திணித்தால் என்ன ஆகும் என்பதை அய்யங்கார் கற்றுக்கொண்டது இப்படித்தான். பின்னாளில் அவர் செய்த ஒவ்வொரு உபகரணத்தையும் பார்க்கும்போது எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

புனேயில் ஆறு மாசம்

1937-ல் புனேயிலிருந்து ஒரு அழைப்பு. டெக்கான் ஜிம்கானா கிளப்பில் ஆறு மாதம் யோகா சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். டாக்டர் கோகலே என்கிற அறுவை சிகிச்சை நிபுணர் முன்னின்று ஏற்பாடு செய்திருந்தார். மற்ற சீடர்கள் யாரும் போகத் தயாராக இல்லை. கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்கிற ஒரே காரணத்துக்காக இவரை அனுப்பினார் குரு. வயது பதினெட்டு.

மராத்தி தெரியாது. ஆங்கிலமும் அரைகுறை. எதிரே நிற்கிற மாணவர்கள் இவரைவிட வயதில் மூத்தவர்கள், உடல்வலிமை உள்ளவர்கள். இந்த நோஞ்சான் நமக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறான் என்கிற சிரிப்பு அவர்கள் முகத்தில். ஒப்பந்தம் ஆறு மாதத்திலிருந்து நீண்டு மூன்று வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு மாத வருமானமும் நின்றுபோனது. சில நாள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

குரு பக்கத்தில் இல்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. தன் உடம்பையே வகுப்பறையாக வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பல மணி நேரம் பயிற்சி செய்தார். எந்த எலும்பு எங்கே திரும்பினால் எந்த மூட்டு வலிக்கிறது, எந்தப் பாதத்தில் எடை அதிகம் இறங்குகிறது என்று கவனித்தார். 1943-ல் ரமாமணியைக் கல்யாணம் செய்துகொண்டார். மனைவிக்கு யோகா சொல்லிக்கொடுத்து, தன் நிலையில் கோணல் இருந்தால் திருத்துவதற்கு அவரையே துணையாக வைத்துக்கொண்டார். வீட்டில் அடுப்பு எரியாத நாட்களிலும் அந்தப் பயிற்சி நிற்கவில்லை.

தெருவோரச் செங்கல்லில் தொடங்கியது

உபகரணம் என்றதும் பெரிய பட்டறை, வரைபடம் என்று நினைத்துவிடாதீர்கள். காசே இல்லாத ஒருத்தர், கண்ணில் பட்டதை எடுத்துப் பார்த்ததுதான் தொடக்கம். தெருவோரத்துச் செங்கல், கல், பெரிய ட்ரம், சுவர், ஜன்னல் கம்பி. ட்ரம் மேல் பின்பக்கமாகச் சாய்ந்தால் முதுகு பயமில்லாமல் வளைகிறது. கை தரைக்கு எட்டவில்லையா, கைக்குக் கீழே ஒரு செங்கல்.

செங்கல்லை மட்டும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்போம். ஏறக்குறைய ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூணு அங்குல கனம். படுக்கப் போட்டால் மூணு அங்குல உயரம். பக்கவாட்டில் வைத்தால் நாலரை. செங்குத்தாக நிறுத்தினால் ஒன்பது. ஒரே பொருளில் மூன்று உயரம். அர்த்த சந்திராசனம் என்று ஒரு நிலை இருக்கு. ஒற்றைக் காலில் நின்று, உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டும். முதல் நாள் வருகிறவருக்குக் கை தரைக்கு எட்டாது. எட்டிப் பிடிக்கக் குனிந்தால் விழுவார். கைக்குக் கீழே செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தரையே ஒன்பது அங்குலம் மேலே வந்துவிட்டது. உடம்பு பழகப் பழக, செங்கல்லைப் பக்கவாட்டில் சாய்த்து, பிறகு படுக்கப் போட்டு, ஒருநாள் எடுத்தேவிடலாம்.

அவர் உபகரணங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். உடம்பு எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்குக் கருவி இறங்கி வரணும். உடம்பு முன்னேறினால் கருவி விலகிக்கொள்ளணும்.

செங்கல் பின்னாளில் வழவழப்பான மரக்கட்டை ஆனது. ட்ரம்மின் வளைவு, முதுகைத் தாங்கும் வளைந்த மரப் பெஞ்சு ஆனது. நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்திருப்பார்களே, இரும்பு மடக்கு நாற்காலி, அதன் சாய்மானத் தகட்டை எடுத்துவிட்டு வெறும் சட்டமாக்கினார். சட்டத்துக்குள் காலை நுழைத்து உட்கார்ந்து, முதுகை முறுக்கலாம், பின்னால் வளைக்கலாம், மேலே தோள்நிலையில்கூட நிற்கலாம். சுவரில் கொக்கி அடித்து அதில் கயிறுகள் தொங்கவிட்டார். கால் எட்டாதவர்களுக்குப் பட்டை, முதுகு சாய்க்கத் திண்டு, கழுத்து நோகாமல் இருக்கத் தோளுக்குக் கீழே மடித்த போர்வை.

நிற்கவே தடுமாறுகிறவர்களுக்கு இடுப்புயரத்தில் நாலு காலில் நிற்கும் மரச்சட்டம் ஒன்று உண்டு. அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கையை ஊன்றிக்கொண்டு, நின்று செய்கிற எல்லா ஆசனங்களையும் செய்யலாம். விழுந்துவிடுவோமோ என்கிற பயம் போனால்தான் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளும்.

உடம்பு எப்படி நிக்குது தெரியுமா?

இங்கே கொஞ்சம் அறிவியல். நாம் கீழே விழாமல் நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கு. முதலாவது கண். இரண்டாவது உள்காது. அங்கே இருக்கும் குழல்களில் உள்ள திரவம் தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று சொல்கிறது. மூன்றாவது பாதமும் மூட்டுகளும் தசைகளும். எடை எங்கே இறங்குகிறது, கணுக்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது அங்கிருந்துதான் போகிறது.

வயசாக ஆக மூன்றிலுமே தகவல் மங்குகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து போகும். அப்புறம் தரை மேடா பள்ளமா என்பதே மூளைக்குத் தாமதமாகத்தான் தெரியும். கால் தசையும் மெலிந்திருந்தால், தடுக்கியதும் சட்டென்று இன்னொரு காலை எடுத்து வைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விழுவதால் மட்டும் உலகில் வருஷத்துக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள். இதில் பெரும்பங்கு அறுபது வயதைக் கடந்தவர்கள்.

விழுந்தவர்களுக்கு வருகிற இன்னொரு சிக்கல், பயம். பயத்தால் நடை குறைகிறது. நடை குறைந்தால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மறுபடி விழுகிற வாய்ப்பு கூடுகிறது. எங்கள் அமுச்சி இப்போது இருப்பது இந்தச் சுழலில்தான்.

சமநிலைப் பயிற்சி இந்தச் சுழலைத்தான் உடைக்கப் பார்க்கிறது. பாதம், கண், காது மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சவால் கொடுக்கணும், அதே நேரத்தில் விழவும் கூடாது. பிடிமானம் அதிகமாக இருந்தால் உடம்பு ஒன்றும் கற்றுக்கொள்ளாது. குறைவாக இருந்தால் பயம் வந்துவிடும். நடுவில் இருக்கிற அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். அதனால்தான் கருவி மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருக்கணும். அய்யங்காரின் செங்கல் சாதிக்கிறது இதைத்தான்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 54 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் பன்னிரண்டு வாரம் அய்யங்கார் முறைப் பயிற்சி. முடிவு 2013-ல் வெளியானது. பயிற்சி செய்தவர்களுக்கு நிற்கும் சமநிலையும் நடையும் மேம்பட்டிருந்தன. சின்ன ஆய்வுதான். இதை வைத்து, யோகா செய்தால் யாரும் விழவே மாட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கற்றுக்கொள்ள வயது தடையில்லை என்று தெரிகிறது.

வயலின் மேதையும் ராணியம்மாவும்

1952-ல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் இந்தியா வந்திருந்தார். சோர்ந்துபோயிருந்த அவர், அய்யங்காருக்கு ஐந்து நிமிஷம்தான் ஒதுக்கினார். அய்யங்கார் அவரைப் படுக்கவைத்துக் கண்களை விரல்களால் மெதுவாக மூட, மனிதர் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டார். அந்தத் தூக்கம்தான் அய்யங்காரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனது. தன் மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் இவர்தான் என்ற பொருளில் எழுத்துப் பொறித்த கைக்கடிகாரம் ஒன்றை மெனுஹின் அவருக்குப் பரிசளித்தார்.

எண்பது வயதைக் கடந்த பெல்ஜியத்து ராணியம்மா எலிசபெத், சிரசாசனம் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார். அந்த வயதில் தலைகீழாக! அய்யங்கார் மறுக்கவில்லை, கூடவே இருந்து நிற்க வைத்தார். தத்துவ அறிஞர் ஜே.கிருஷ்ணமூர்த்தியும் அவரிடம் பல வருஷம் கற்றுக்கொண்டார்.

1966-ல் 'லைட் ஆன் யோகா' வெளியானது. இருநூறு ஆசனங்கள், ஏறக்குறைய அறுநூறு புகைப்படங்கள். உலகின் பல மொழிகளுக்குப் போன புத்தகம். அதில் இருக்கிற அய்யங்காருக்கு உபகரணம் எதுவும் தேவைப்படவில்லை. ரப்பர் மாதிரி வளைந்து நிற்கிறார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் உடம்போ அப்படி இல்லை. முதுகுவலிக்காரர், மூட்டு தேய்ந்தவர், பிரசவம் ஆன பெண், போலியோ பாதித்தவர் என்று ஆளுக்கொரு விதம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஏற்பாடு செய்யப்போய்த்தான் கருவிகள் பெருகின. 1973-ல் ரமாமணி காலமானார். அவர் பெயரிலேயே 1975 ஜனவரி 19-ல் புனேயில் யோகா நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகளுக்கென்றே அங்கே தனி வகுப்பு நடந்தது.

எல்லாரும் கைதட்டவில்லை. செங்கல், நாற்காலி, கயிறு என்று அடுக்கியதைப் பார்த்து, இது பர்னிச்சர் யோகா என்று கேலி செய்தவர்கள் உண்டு. கருவி இல்லாமல் செய்வதுதான் சுத்தமான யோகா என்பது அவர்கள் வாதம். நாற்காலியைப் பிடிக்க மாட்டேன் என்கிற எங்கள் அமுச்சியின் வாதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கவனித்தீர்களா?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அய்யங்கார் மென்மையான வாத்தியார் இல்லை. மாணவர்களை அதட்டுவார், அறைவார், கோணலாக நிற்கிற காலை உதைத்தே நேராக்குவார். பி.கே.எஸ். என்கிற அவர் முன்னெழுத்துகளுக்கு அடி, உதை, அறை என்று மேல்நாட்டுச் சீடர்கள் விளையாட்டாக விரிவு சொல்லிக்கொண்டார்கள். இன்றைக்கு ஒரு வகுப்பில் இதை யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. கத்தரிக்கோலுடன் நின்ற குருவின் நிழல் அவரிடமும் இருந்தது. கழுத்து வலிக்கிறது என்று சொன்னவரின் தோளுக்குக் கீழே போர்வையை மடித்துக் கச்சிதமாக வைத்ததும் அதே கைதான்.

1979: இரண்டு ஸ்கூட்டர் விபத்து

அறுபது வயது. உலகம் முழுக்கச் சீடர்கள். அந்த நேரத்தில் சில மாத இடைவெளியில் இரண்டு ஸ்கூட்டர் விபத்துகள். முதுகு, தோள், முழங்கால் எல்லாம் அடிபட்டன. வில்லாக வளைந்த உடம்பு, முதல் நாள் வகுப்புக்கு வந்த மாணவன் மாதிரி ஆகிவிட்டது. சாதாரண ஆசனங்கள்கூட வரவில்லை.

அதுவரை மற்றவர்களுக்காகச் செய்த கருவிகள் இப்போது அவருக்கே தேவைப்பட்டன. பெஞ்சு, நாற்காலி, கயிறு, திண்டு, கட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்தார். அடிபட்ட பக்கத்துக்கு ஓர் உயரம், நல்ல பக்கத்துக்கு வேறு உயரம். எங்கே தாங்கினால் வலி குறைகிறது, எவ்வளவு நேரம் இருந்தால் மூட்டு இளகுகிறது என்று மறுபடியும் தன் உடம்பிலேயே பாடம் படித்தார். இழந்ததை மீட்க வருஷக்கணக்கில் ஆனது. விபத்துக்கு முன்னால் இருந்தது எல்லாம் திரும்பி வந்துவிடவும் இல்லை.

அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. உலகப் புகழ் பெற்ற ஒருவர், மாணவர்கள் கண்ணெதிரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்தார். அதை ஒளிக்கவில்லை. அதிலிருந்து கற்றதைத் தன் வகுப்புகளுக்குக் கொண்டுபோனார்.

தொண்ணூறு வயதைத் தாண்டியும் தினசரிப் பயிற்சியை விடவில்லை. பிறந்த ஊரான பெல்லூருக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று செய்து கொடுத்தார். 2014-ல் பத்ம விபூஷண் விருது. அதே வருஷம் ஆகஸ்ட் 20-ல் புனேயில் காலமானார். வயது 95. நிமிர்ந்து நின்றாலே போதும் என்று வீடு நினைத்த பையன்!

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

நவீன சாதனம் எதுவும் ஆன்லைனில் வாங்க வேண்டியதில்லை. தலைசுற்றல், ரத்த அழுத்தக் கோளாறு, சமீபத்தில் அறுவை சிகிச்சை, அடிக்கடி விழுவது இதில் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சிரசாசனம் மாதிரியான விஷயங்களை ஆசிரியர் இல்லாமல் தொடவே வேண்டாம். கீழே இருப்பது நிற்கும் பயிற்சி மட்டும். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

* சுவர்: இதைவிட நல்ல கருவி இல்லை. முதல் வாரம் முதுகைச் சுவரில் சாய்த்து நின்று, ஒரு குதிகாலை மட்டும் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். பழகியபின் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று ஒரு கையை ஊன்றிக்கொண்டு முழுக் காலையும் தூக்கலாம்.

* நாற்காலி: கனமான மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ சுவரோடு ஒட்டிப் போட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சாய்ந்துவிடும். முதலில் இரண்டு கை, அப்புறம் ஒரு கை, அப்புறம் ஒரு விரல். கடைசியில் கை நாற்காலிக்கு ஒரு அங்குலம் மேலே சும்மா நிற்கட்டும். பத்து விநாடி போதும். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக வாரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை.

* மணைப்பலகை: வீட்டில் பழைய மணை கிடந்தால் எடுங்கள். ஆடக் கூடாது. அதைச் சுவர் ஓரமாகப் போட்டு, ஒரு பாதத்தை மட்டும் அதன்மேல் வைத்து நில்லுங்கள். காலைத் தூக்கவே பயப்படுகிறவர்களுக்கு இது பாதி ஒற்றைக்கால். உயரம் கூட்ட வேண்டுமானால் உறுதியான படிக்கட்டின் முதல் படி இருக்கு.

* கிரில் பட்டறை: நிரந்தரமாக ஒன்று வேண்டுமென்றால் பட்டறையில் சொல்லி இடுப்புயரப் பிடிசட்டம் செய்துகொள்ளலாம். அளவு எடுக்கும்போது பயன்படுத்துகிறவரை நேரில் நிற்க வைத்து எடுங்கள். அடி அகலமாக இருக்கணும், கால்களுக்கு ரப்பர் புஷ் போடணும். உயரத்தை மாற்றுவதற்குக் குழாய்க்குள் குழாய் விட்டுப் போல்ட் போடச் சொல்லுங்கள். இன்று அமுச்சிக்கு, நாளைக்கு அப்புச்சிக்கு.

டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். நழுவுகிற மிதியடியை அகற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்க்கலாமே என்கிற விளையாட்டு கூடாது. சர்க்கரை நோயாளிகள் பயிற்சி முடிந்ததும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், வலியே தெரியாமல் போயிருக்கலாம்.

ஆசாரத்துத் தூண்

ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அமுச்சியிடம் முழுசாகச் சொன்னேன். கத்தரிக்கோல் கதைக்கு உச்சுக்கொட்டினார். ராணியம்மா தலைகீழாக நின்றதை நம்பவே இல்லை. ஸ்கூட்டர் விபத்து வந்ததும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, அப்போதும் நாற்காலி வேண்டாம் என்றுதான் சொன்னார்.

ஆனால் மறுநாள் காலையில் பார்த்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆசாரத்துக்கு வந்து, அங்கே இருக்கிற மரத்தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். பால் பொங்குகிற சத்தம் கேட்கும்வரை கால் மாற்றி மாற்றி நின்றார். தூணைப் பிடித்து நிற்பதில் அவருக்குக் கூச்சம் இல்லைபோல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிடித்த தூண் அது.

போன வாரம் போனில் பேசினபோது, இப்போது ஒரு விரல்தான் தூணில் இருக்கு என்றார். சந்தைக்கு எப்போது போகப்போறீங்க என்று கேட்டேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.